கடல் கடந்து சென்ற கையெழுத்துகள்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழாவில் ஒரு சொற்பொழிவு நிகழ்வது நம் சங்கத்தின் மரபு. கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ கற்றறிந்த புலவர் ஒருவர் பேசுவார். நாம் கேட்டு மகிழ்வோம். இவ்வாண்டு செயற்குழுவினர் அப்பொறுப்பை ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்கள் தலையில் ஏற்றிவிட்டனர். மெட்ரிகுலேஷன் படிப்போடு உத்தியோகத்தில் நுழைந்து, கோப்புகளோடும் பேரேடுகளோடும் பொழுதைக் கழிக்கும் நாங்கள் இலக்கியம் பேசப் புகுவது முறையன்று. ஆகவே எங்கள் தொழிலுக்கு நெருங்கிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். கடிதம் எழுதுதல், கையெழுத்து வாங்குதல், கணக்கு வைத்தல், தபாலில் சேர்த்தல் ஆகிய இந்தச் சிறு வேலைகள் ஒரு பெரிய மனிதரின் சிறைக் கதவைத் திறக்க எவ்வாறு துணை நின்றன என்பதே அப்பொருள்.

அப்பெரியவர் தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா. அவர் பெயரை அறியாதவர் இங்கு இல்லை. நம் நாடு 1990-ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருதை அளித்துப் போற்றியது அவரை. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தபோது உலகமே துக்கம் கொண்டாடியது. ஆனால் அவர் 27 ஆண்டுகள் சிறையில் கிடந்தாரே, அக்காலத்தில் அவருக்காக வெளியே என்ன நடந்தது, யார் யார் என்ன செய்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அதனை இன்று சிறிது பார்ப்போம்.

முதலில் அவர் சிறை புகுந்த வரலாறு. தென்னாப்பிரிக்காவில் 1948-ஆம் ஆண்டு முதல் நிறவெறியையே சட்டமாக்கிய ஆட்சி நடந்தது. நாட்டில் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இல்லை. எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, யாரை மணப்பது என்பதெல்லாம் தோலின் நிறத்தைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டன. கறுப்பினத்தவர் எப்போதும் அனுமதிச் சீட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் சிறை. அச்சட்டத்தை எதிர்த்து 1960-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் ஷார்ப்வில் என்னுமிடத்தில் கூடிய மக்களின் மீது போலீசார் சுட்டனர். 69 பேர் மாண்டனர். அதற்கடுத்த மாதமே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. அமைதி வழிகள் யாவும் அடைபட்ட பின்னரே மண்டேலாவும் தோழர்களும் வேறு வழியை நாடினர்.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் மண்டேலா கைதானார். அடுத்த ஆண்டு ரிவோனியா என்னுமிடத்துப் பண்ணை வீட்டில் தோழர்கள் பலர் பிடிபட, எல்லோர் மீதும் ஒரே வழக்குத் தொடரப்பட்டது. தூக்குத் தண்டனை விதிக்கத்தக்க வழக்கு அது. 1964-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மண்டேலா உள்ளிட்ட எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த எண்மரில் அகமது கத்ராடா இந்திய வம்சாவளியினர்; டெனிஸ் கோல்ட்பர்க் வெள்ளையர். சிறையிலும் நிறவேற்றுமை உண்டாதலின் கோல்ட்பர்க்கைப் பிரிட்டோரியாவில் வைத்துவிட்டு, ஏனைய எழுவரையும் கடல் நடுவே உள்ள ராபன் தீவுக்குக் கொண்டு சென்றனர்.

அங்கே மண்டேலாவுக்குக் கிடைத்த எண் 46664. அதாவது 1964-ஆம் ஆண்டில் அத்தீவுக்கு வந்த 466-ஆம் கைதி. கால் நீட்டிப் படுத்தால் தலை ஒரு சுவரையும் கால் மறு சுவரையும் தொடும் அறை. பகலில் சுண்ணாம்புப் பாறை உடைக்கும் வேலை. தொடக்க ஆண்டுகளில் ஆறு திங்களுக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. இவற்றைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. அவருடைய புகைப்படத்தை வெளியிடுவதும் அவருடைய சொற்களை அச்சிடுவதும் அந்நாட்டில் குற்றமாயின. உடலைச் சிறையில் வைப்பது ஒரு தண்டனை; பெயரையே மக்கள் நினைவிலிருந்து அழிப்பது வேறொரு தண்டனை. அந்த இரண்டாவது தண்டனையை நிறைவேறவொட்டாமல் தடுத்ததே உலக மக்கள் செய்த முதற்பணி என்று கூறலாம்.

வழக்கு நடக்கும்போதே குரல் எழுந்துவிட்டது. 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, அரசியல் கைதிகளை விடுதலை செய்க என்று தென்னாப்பிரிக்காவைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரித்த நாடுகள் 106. எதிர்த்த நாடு ஒன்றே ஒன்று, அதுவும் தென்னாப்பிரிக்காவே. தூக்குக் கயிறு தவறியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். உலகத்தின் கண்கள் அந்நீதிமன்றத்தின் மீது பதிந்திருந்ததும் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அக்குரலில் நம் நாட்டுக்கு முதலிடம் உண்டு. விடுதலைக்கு ஓராண்டு முன்னதாகவே, 1946-ஆம் ஆண்டில், இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தை அறுத்துக்கொண்டது. உலகில் முதன்முதல் அவ்வாறு செய்த நாடு நம்முடையதே. நம் ஏற்றுமதியில் அன்று ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு அந்நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. வறிய நாடு ஒன்று தன் வருவாயைத் தானே குறைத்துக்கொண்டது என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் சபையில் அங்குள்ள இந்தியர் படும் பாட்டை விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் எடுத்துரைத்து வெற்றியும் கண்டார்.

இது நாம் செய்த உதவி என்று பெருமை கொள்வதற்கு முன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். உண்மையில் இது பழைய கடன் ஒன்றின் வரவு செலவு. தென்னாப்பிரிக்கச் சிறைகளுக்காக உலகில் முதன்முதல் கண்ணீர் விட்ட ஊர்களுள் சென்னையும் ஒன்று. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களில் தமிழர் மிகப் பலர். 1910-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுள் பலரை டிரான்ஸ்வால் அரசு நாடு கடத்திக் கப்பலேற்றிவிட்டது. கட்டிய துணியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு உணவும் உடையும் தங்க இடமும் அளித்து, நிதியும் திரட்டியவர் ஜி.ஏ. நடேசன். 1913-இல் நேட்டாலில் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து சிறை புகுந்தபோது இந்தியாவெங்கும் கூட்டங்கள் நடந்தன. கோகலே நிதி திரட்டினார். ஆளும் வைசிராயாகிய ஹார்டிஞ்சு பிரபுவே அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் பேசுகையில் போராடுவோர்க்கு அனுதாபம் தெரிவிக்க நேர்ந்தது. தில்லையாடி மரபில் வந்து ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, சிறையில் கண்ட நோயால் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறே வயதில் உயிர் நீத்தாள்.

அன்று சிறை சென்றவர்களுள் மொரீஷியஸில் பிறந்த தமிழராகிய தம்பி நாயுடுவும் ஒருவர். அவருடைய பேரர் இந்திரஸ் நாயுடு, ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1963 முதல் பத்தாண்டுகள் ராபன் தீவில் அடைபட்டுக் கிடந்தார். பாட்டனார் தொடங்கிய வேலையைப் பேரன் தொடர்ந்தார். ஆகவே மண்டேலாவின் கதை யாரோ ஒருவரின் கதையன்று. அதன் முதல் அதிகாரத்தில் நம்மவர் பெயர்களும் இருக்கின்றன.

இனி, உலகில் சாதாரண மக்கள் செய்தவற்றுக்கு வருவோம். லண்டன் நகரத்தில் புனித பவுல் தேவாலயத்தைச் சேர்ந்த ஜான் காலின்ஸ் என்னும் பாதிரியார் ஒரு நிதியைத் தொடங்கி நடத்தினார். அரசியல் வழக்குகளில் சிக்கியவர்களுக்கு வழக்கறிஞர் வைப்பது, சிறை சென்றவர்களின் குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காப்பது என்ற இரண்டே அதன் நோக்கங்கள். ரிவோனியா வழக்குக்கும் அந்நிதி உதவியது. 1966-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அரசு அதனைத் தடை செய்தது. அந்நிதியின் பணத்தைப் பெறுவதே அங்கே குற்றமாயிற்று.

அப்போது அவர்கள் கண்டுபிடித்த வழி குமாஸ்தாக்களின் நெஞ்சைக் கவரும் வழி. இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் இருந்த ஆசிரியைகள், ஓய்வுபெற்றோர், இல்லத்தரசிகள் போன்ற சாதாரண மனிதர்களைப் பிடித்தார்கள். அவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் உள்ள ஒரு கைதியின் மனைவிக்குத் தம் சொந்தப் பெயரில் நட்புக் கடிதம் எழுதுவார். 'நலம்தானா? குழந்தைகள் பள்ளிக்குப் போகின்றனவா? சிறு தொகை அனுப்புகிறோம், ஏற்றுக்கொள்க' என்ற முறையில் அமையும் அக்கடிதம். பணம் எங்கிருந்து வருகிறது என்பது கடிதத்தில் இராது. பெற்றுக்கொண்ட அம்மையார் பதில் எழுதுவார். அப்பதில் லண்டன் அலுவலகத்துக்குப் போகும். அங்கே அது கணக்கில் ஏறும். இன்ன குழந்தைக்குச் சீருடை இல்லை, இன்ன வீட்டில் வாடகை பாக்கி என்பதெல்லாம் அக்கடிதங்களால் தெரியவரும். வழக்கறிஞர்களுக்குச் செல்லும் பணமும் இவ்வாறே பல கைகள் மாறிச் சென்று சேர்ந்தது. 1991-ஆம் ஆண்டில் அந்நிதி மூடப்படும் வரையில் ஏறத்தாழ பத்துக் கோடி பவுன் இவ்வழியில் சென்றதாகக் கணக்கு.

பெரியோர்களே, இங்கே சற்று நிற்போம். கைதியின் உறுதி குலைவது எப்போது? சாட்டையடியில் குலையாத உறுதி, வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்ற செய்தியில் குலைந்துவிடும். அச்செய்தி போகாமல் தடுத்தவை அந்தத் தபால் உறைகள். எழுதியவர்களின் பெயர்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை. மேடை இல்லை, மாலை இல்லை, செய்தித்தாளில் படம் இல்லை. மாதந்தோறும் தவறாமல் ஒரு கடிதம், அவ்வளவே. தவறாமல் என்ற அச்சொல்லின் பெருமை மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கையெழுத்திடும் நமக்குத் தெரியாதா?

அடுத்து ஒரு கடைப் பெண்ணின் கதை. அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் டன்ஸ் ஸ்டோர்ஸ் என்னும் பெரிய கடை. 1984-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் அங்கே பணம் வாங்கும் மேஜையில் இருந்தவர் மேரி மானிங் என்னும் இருபத்தொரு வயதுப் பெண். தென்னாப்பிரிக்கப் பொருள்களைக் கையாள வேண்டாம் என்று அவருடைய தொழிற்சங்கம் அறிவுறுத்தியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிரேப்புரூட் பழங்களைக் கொணர்ந்து வைத்தார். நம் பம்பளிமாஸ் இனத்தைச் சேர்ந்த பழம் அது, தென்னாப்பிரிக்காவில் விளைந்தது. 'இதற்கு நான் பணம் வாங்க இயலாது' என்று அப்பெண் பணிவோடு மறுத்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். உடன் பணிபுரிந்த சிலரும் அவரோடு வெளியேறினர்.

ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று எண்ணிய அப்பிள்ளைகள் இரண்டே முக்கால் ஆண்டுகள் வாசலில் நின்றார்கள். வாரத்துக்கு 21 பவுன் போராட்டப்படியில் குடும்பம் நடத்தினார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவைப் பற்றி அதிகம் தெரியாது, நின்றுகொண்டே கற்றார்கள். முடிவில் 1987-ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கக் காய்கனிகளை இறக்குமதி செய்வதையே தடை செய்தது. 1990-ஆம் ஆண்டில் விடுதலை பெற்று டப்ளினுக்கு வந்த மண்டேலா அவர்களைச் சந்தித்து, சிறையில் இருந்த தமக்கு அவர்கள் செயல் ஊக்கமளித்ததைச் சொல்லிப் பாராட்டினார். இரண்டு பழத்துக்கு ரசீது போட மறுத்த செய்தி கடலைக் கடந்து, சுவரைக் கடந்து, சிறைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் செய்தது நகைச்சுவை கலந்த வீரம். 1981-ஆம் ஆண்டிலேயே அந்நகராட்சி மண்டேலாவுக்கு நகரத்தின் உயர்ந்த கௌரவத்தை அளித்தது. அந்நகர மேயர் உலகின் பிற நகரங்களின் மேயர்களுக்கு எழுதி, விடுதலை கோரும் அறிக்கையில் கையொப்பம் பெற்றார். பின்னர் 1986-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தூதரக அலுவலகம் இருந்த தெருவுக்கே நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டிவிட்டது! எந்தப் பெயரை உலகம் மறக்க வேண்டும் என்று ஓர் அரசு விரும்பியதோ, அப்பெயரே அவ்வரசின் அலுவலகத்துக்கு வாசல் முகவரியாயிற்று.

நம் நாடும் வாளா இருக்கவில்லை. 1974-ஆம் ஆண்டில் டேவிஸ் கோப்பை டென்னிஸ் பந்தயத்தில் இந்தியா இறுதிச் சுற்றை எட்டியது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அவ்வணியின் தூண்கள். இறுதிச் சுற்றில் எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. வென்றால் கோப்பை நமக்கு. ஆயினும் நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே அவர்களுக்குச் சென்றது. அதன் பின்னரும் இறுதிச் சுற்றை எட்டினோம். ஆனால் டேவிஸ் கோப்பை இன்றளவும் இந்தியாவின் கைக்கு வரவில்லை. இளம் வயதில் ஆடுகளத்தில் கிடைக்கும் வாய்ப்பைத் துறப்பது எளிதான செயலா? 1979-ஆம் ஆண்டுக்குரிய நேரு விருது மண்டேலாவுக்கு அறிவிக்கப்பட்டது. மனைவியார் விண்ணி மண்டேலாவுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டமையால், 1980-ஆம் ஆண்டில் தோழர் ஆலிவர் தாம்போ டில்லிக்கு வந்து பெற்றுக்கொண்டார்.

ஐக்கிய நாடுகளின் அலுவலகத்தில் இவ்விஷயத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோளில் சுமந்தவர் இ.எஸ். ரெட்டி. அந்நாளைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ச் சீமையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். நிறவெறி எதிர்ப்புக் குழு 1963-இல் அமைந்தபோது அதன் செயலாளரானவர். நாடுகளை இணைப்பது, நிதி திரட்டுவது, அறிக்கை தயாரிப்பது, மண்டேலாவின் அறுபதாம் பிறந்தநாளை 1978-இல் உலகம் கொண்டாடச் செய்வது என மேஜையின் முன் அமர்ந்தே அவர் செய்த பணி அளவற்றது. 2020-ஆம் ஆண்டில் மறைந்த அவரையும் இந்நாளில் நினைப்பது நம் கடமை.

இதற்குள் உள்நாட்டிலும் குரல் ஓங்கிற்று. 1980-ஆம் ஆண்டு மார்ச்சில் கறுப்பின மக்களின் பத்திரிகை ஒன்று மண்டேலாவை விடுதலை செய்க என்று தலைப்பிட்டுக் கையெழுத்து இயக்கம் தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூனில் பாதுகாப்புச் சபையும் அதையே வற்புறுத்தியது. அவர் பெயரைச் சொல்லும் பாட்டு 1984-இல் இங்கிலாந்தில் வெளிவந்து தெருவெல்லாம் ஒலித்தது. மாணவர்கள் தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய பார்க்லேஸ் வங்கியில் கணக்கு வைக்க மறுத்தார்கள். 1986-இல் அவ்வங்கி அங்கிருந்து வெளியேறிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்க வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தமையால் அவ்வரசின் கஜானா ஆட்டம் கண்டது. 1988-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் லண்டனின் வெம்பிளி விளையாட்டரங்கில் எழுபதாம் பிறந்தநாள் இசைவிழா. அரங்கில் மட்டும் சுமார் 72,000 பேர். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதனைத் தொலைக்காட்சியில் கண்டன.

இவ்வாறெல்லாம் சொல்லிக்கொண்டு போனால், 'கையெழுத்துப் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், கதவு திறந்துவிட்டது' என்று குழந்தைகள் நினைத்துவிடக்கூடும். அவ்வாறன்று. வெளிநாட்டுக் குரல் மட்டும் அக்கதவைத் திறக்கவில்லை. 1976-இல் சோவெட்டோவில் துப்பாக்கிக்கு முன் நின்ற பள்ளிப் பிள்ளைகள், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், ஊர்தோறும் எழுந்த கிளர்ச்சி ஆகியவையே அடிப்படை. உலக அரசியலில் பனிப்போர் தணிந்ததும் ஒரு காரணம். வெளியிலிருந்து கிடைத்த ஆதரவு அவர்களுக்கு ஊன்றுகோல். நடந்த கால்கள் அவர்களுடையவை.

தோல்விகளும் உண்டு. பெஞ்சமின் மொலோயீஸ் என்னும் இளங்கவிஞருக்காக உலகமே மன்றாடியது. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் அவரைத் தூக்கிலிட்டார்கள். சாலமன் மஹ்லாங்கு என்னும் இளைஞரை 1979-இல் தூக்கிலிட்டார்கள். ஸ்டீவ் பிக்கோ 1977-இல் போலீஸ் காவலில் மாண்டார். காப்பாற்ற இயலாதவர்களின் பட்டியல் நீளமானது. ஆகவே 'நாம் எழுதினால் நடக்கும்' என்று உறுதி கூறுவதற்கில்லை. நடக்காமலும் போகலாம் என்று தெரிந்தே எழுதியவர்களைத்தான் நாம் இன்று போற்றுகிறோம்.

மண்டேலாவின் பெயரும் எல்லோர்க்கும் இனித்ததில்லை. ஆயுத வழியை ஏற்றவர் என்பதால், மனச்சாட்சிக் கைதிகளுக்காகப் பாடுபடும் ஆம்னெஸ்டி அமைப்பு 1964-இல் அவரை அவ்வரிசையில் சேர்க்க இயலாது என்று முடிவு செய்தது. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் அம்மையார் 1987-இல் அவருடைய கட்சியைப் பயங்கரவாத அமைப்பு என்றே குறிப்பிட்டார். அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்க 2008-ஆம் ஆண்டு ஆயிற்று. இன்று எல்லா ஊரிலும் சிலையாக நிற்பவருக்காக அன்று பேசுவது ஊராரின் ஏச்சுக்கு ஆளாவதாகவே இருந்தது.

ஒருவர் பெயரை முன்னிறுத்துவதில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. அண்டை நாடாகிய பர்மாவின் ஆங் சான் சூ கீ அம்மையாரைப் பாருங்கள். டில்லியில் கல்லூரியில் பயின்றவர். 1991-இல் நோபல் பரிசு பெற்றவர். 1989-க்கும் 2010-க்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வீட்டுக் காவலில் இருந்தவர். அவருக்காகவும் உலகம் குரல் கொடுத்தது. ஆனால் அவர் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், 2017-இல், ரோகிஞ்சா மக்கள் இலட்சக்கணக்கில் விரட்டப்பட்டபோது அவர்களுக்காக அவர் பேசவில்லை என்று வருந்தி, அளித்த விருதுகளைச் சிலர் திரும்பப் பெற்றனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் இராணுவம் ஆட்சியைப் பறித்து அவரை மீண்டும் சிறைப்படுத்திற்று. நியாயமான விசாரணையின்றி யாரையும் சிறை வைத்தலாகாது என்பதே நாம் பற்ற வேண்டிய கொள்கை. நமக்குப் பிடித்தவருக்கும் அது பொருந்தும். பிடிக்காமற் போனவருக்கும் பொருந்தும். ஆளை மட்டும் பற்றினால் ஏமாற்றம் வரும். நியாயத்தைப் பற்றினால் வராது.

மண்டேலாவே இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1985-ஆம் ஆண்டு ஜனவரியில், வன்முறையைக் கைவிடுவதாக வாக்களித்தால் விடுதலை செய்கிறோம் என்று அதிபர் போத்தா அறிவித்தார். பிப்ரவரி 10-ஆம் நாள் சோவெட்டோ மைதானத்தில் மகள் சிண்ட்சி தந்தையின் மறுமொழியைப் படித்தாள். மக்களுக்கு உரிமை இல்லாதபோது தமக்கு மட்டும் விடுதலை எதற்கு என்பதும், ஒப்பந்தம் பேசும் உரிமை சுதந்திர மனிதருக்கே உண்டு, கைதிக்கு இல்லை என்பதும் அதன் கருத்து. இருபத்திரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர் திறந்த கதவைத் தாமே சாத்தினார்! ஐந்தாண்டுகள் கழித்து, 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், நிபந்தனை ஏதுமின்றி வெளியே நடந்து வந்தார். இளைஞராகப் படத்தில் கண்டவரை உலகம் நரைத்த தலையோடு கண்டது. 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர். மே 10-ஆம் நாள் அவர் குடியரசுத் தலைவரானார்.

இனி நம் காலனிக்கு வருவோம். இந்தக் கரக்பூரில் வாழும் நமக்குச் சிறையின் கதை அயலானதன்று. ஹிஜ்லி தடுப்பு முகாம் இங்கேதான் இருந்தது. விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகளின் மீது 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் இரவு காவலர்கள் சுட்டனர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இருவர் மாண்டனர். எழுபது வயதுத் தாகூர் கல்கத்தா மைதானத்துக்கு வந்து மக்கள் திரளின் முன் கண்டனக் குரல் எழுப்பினார். அந்தச் சிறைக் கட்டடத்தில்தான் 1951-ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கிற்று. நம் பிள்ளைகள் எந்த வளாகத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று இரவு பகலாகப் படிக்கிறார்களோ, அவ்வளாகத்துக்கு அடிப்படை ஒரு சிறைச்சாலை. அதனை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா?

நம்மவரிடையே அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. 'பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் ஊர் வம்பு?' என்பது அது. அச்சொல்லில் அச்சமும் உண்டு, அனுபவ அறிவும் உண்டு. குறை கூற நாம் வரவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் அரசியல் மேடை ஏறுவதற்கில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் ஒன்று கேட்கிறோம். தம்பி நாயுடு பிழைக்கச் சென்ற இடம் எது? வள்ளியம்மையின் பெற்றோர் பிழைக்கச் சென்ற இடம் எது? நேட்டாலின் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் செய்த நம் மக்கள் பிழைக்கச் சென்றவர்கள் அல்லரா? பிழைக்கச் சென்ற இடத்தையே அவர்கள் தம் ஊராகக் கொண்டார்கள். அங்கு நடந்த அநியாயத்தைத் தம்முடையதாகக் கருதினார்கள். டப்ளினில் அந்தக் கடைப் பெண்ணுக்கோ தென்னாப்பிரிக்கா கண்ணால் காணாத நாடு.

இன்று கைப்பேசியில் விரலால் தொட்டால் ஒரு விண்ணப்பத்தில் நம் பெயர் சேர்ந்துவிடும். தொட்டுவிட்டு மறந்துபோவதே அதிகம். எனவே எளிய யோசனைகள் மூன்றைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். கையெழுத்திடுமுன் படித்து, உண்மையை விசாரித்து, பின்பு இடுவோம். கையெழுத்திட்டால் ஓராண்டு சென்ற பின்னும் அவ்விஷயம் என்னாயிற்று என்று கேட்போம். மூன்றாவதாக, சிறையோ வேறு துன்பமோ எதுவாயினும், அல்லலுறுபவரின் வீட்டை முதலில் நினைப்போம். அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தை நினைப்போம். நம் சங்க நூலகத்தில் வாரம் ஒருநாள் மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து இத்தகைய வரலாறுகளைப் படிப்பதற்குச் செயற்குழு இடமளித்தால், விளக்கேற்றிப் பாய் விரிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நம் சங்கத்துக்கு அழகு. அவற்றோடு, தொலைவில் உள்ள ஒருவரின் துன்பம் நம் மொழியில் பேசப்படும் இடமாகவும் இச்சங்கம் விளங்க வேண்டும். நாளைக்கு நம்மவர் ஒருவர் எங்கோ தொலைதூரத்தில் துன்புற்றால் அவருக்காக முன்பின் அறியாத யாரோ ஒருவர் உறையில் முகவரி எழுத வேண்டும் என்று நாம் விரும்புவோம் அன்றோ? அந்த யாரோ ஒருவராக இன்று நாம் இருப்போம்.